ஷாக் இல்லாத வண்டியில் நெடுந்தூரம்

சைக்கிளில் டபுள்ஸ் போனவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பள்ளம் வருகிறது. ஓட்டுகிறவர் பெடலில் காலை ஊன்றி, சீட்டைவிட்டு இரண்டு விரற்கடை எழும்பிக்கொள்கிறார். எழும்ப மறந்தாலும் சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் இருக்கிறது. கேரியரில் இருப்பவருக்கு ஊன்றக் காலிடம் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பள்ளம் வருவதும் தெரியாது. 'டங்' என்று முழு அடியும் அவர் இடுப்பில் இறங்குகிறது. ஒரே சைக்கிள், ஒரே பள்ளம். முன்னால் இருப்பவர் பேச்சை நிறுத்தாமல் போகிறார். பின்னால் இருப்பவர் பல்லைக் கடிக்கிறார்.

பின்சக்கரத்துக்கும் பிரேமுக்கும் நடுவே ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ இல்லாத மோட்டார் சைக்கிளை ரிஜிட் பிரேம் வண்டி என்கிறார்கள். அமெரிக்க வழக்கில் ஹார்ட்டெயில். பழைய வண்டிகளைப் பாதுகாப்பவர்களும், சாப்பர், பாபர் வகை வண்டிகளைக் கட்டுபவர்களும் இன்றும் இதை விரும்பி ஓட்டுகிறார்கள். இதில் ஒரு நாளைக்குச் சில நூறு கிலோமீட்டர் போக முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் வழக்கத்தில் உண்டு. 'இடுப்பு போய்விடும்' என்பது ஒன்று. 'பழகிவிடும்' என்பது மற்றொன்று. இரண்டுமே கேள்வியைத் தட்டிக்கழிக்கின்றன. சாலையிலிருந்து கிளம்பும் அடி எங்கேயாவது சில சென்டிமீட்டர் அசைவில் கரைந்தாக வேண்டும். பின்சக்கரத்தில் அந்த அசைவு இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது? ரிஜிட் வண்டியின் சொகுசைப் பற்றிய எல்லா விவாதமும் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது.

ஏன் இவ்வளவு காலம் நீடித்தது

மோட்டார் சைக்கிள் சைக்கிளின் வயிற்றில் பிறந்தது. இன்ஜினை ஏற்றினார்கள், டேங்கை மாட்டினார்கள். பின்சக்கரம் மட்டும் பிரேமோடு இறுகியே இருந்தது. முன்ஃபோர்க்குக்குச் சீக்கிரமே ஸ்பிரிங் வந்துவிட்டது. பின்னால் முயற்சிகள் நடக்காமல் இல்லை. அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி 1913இல் பட்டை ஸ்பிரிங் வைத்த பின்பகுதியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் வின்சென்ட் வண்டிகள் 1928 முதலே பின் ஸ்பிரிங்கோடு வந்தன. அதே 1928இல் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி தன் புதிய 'அசையும் பிரேமை' நிரூபிக்க ஒரு வழி கண்டுபிடித்தது: நிறுவனரின் அண்ணன் ஜுசெப்பே குஸ்ஸி அந்த வண்டியில் ஏறி, நார்வேயின் வடகோடி வரை போனார்.

இத்தனைக்குப் பிறகும் ரிஜிட் பிரேம் பிழைத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பின்சக்கரம் ஏறி இறங்கினால் செயினின் இறுக்கம் மாறும். கீல் வைத்தால் செலவும் எடையும் கூடும். கீல் தேய்ந்தால் வளைவில் பின்பக்கம் நெளியும். பந்தய ஓட்டிகள் அந்த நெளிவை நம்பவில்லை. 1950இல் நார்ட்டன் பந்தய வண்டிக்கு மெக்கண்ட்லெஸ் சகோதரர்கள் செய்த 'ஃபெதர்பெட்' பிரேம், பின் ஸ்பிரிங்கும் உறுதியும் ஒன்றாக இருக்க முடியும் என்று காட்டிய பிறகே அந்தச் சந்தேகம் கலைந்தது. பெரிய ஹார்லி டேவிட்சன் வண்டிகள் 1949இல் முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் பெற்றன. பின்னால் ஷாக் வர 1958இன் 'டுவோ கிளைடு' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஹார்லி டபிள்யூ.எல்.ஏ., பி.எஸ்.ஏ. எம்20 ஆகிய இரண்டும் ரிஜிட் வண்டிகள்தான்.

நம் ஊரில் இந்த வகை வண்டி பரிச்சயமில்லாமல் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948இல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறுநாள் சோதனைப் போட்டியில் ராயல் என்ஃபீல்டு, பின் ஷாக் வைத்த புல்லட்டை இறக்கிப் பதக்கம் வாங்கியது. மறு ஆண்டு அது சந்தைக்கு வந்தது. 1955இல் சென்னையில் புல்லட் கூட்டப்படத் தொடங்கியபோது அது ஏற்கெனவே ஷாக் வைத்த வண்டி. ஆக, நமக்குத் தெரிந்த ரிஜிட் பிரேம் இன்னும் சைக்கிள்தான்.

அமெரிக்காவில் கதை தலைகீழாகத் திரும்பியது. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தின் 'கேப்டன் அமெரிக்கா' வண்டி ஒரு ரிஜிட் பிரேம் ஹார்லி. பின்சக்கரத்திலிருந்து ஸ்டீரிங் தலை வரை ஒரே கோடாக ஓடும் அந்த உருவத்துக்காக, ஷாக் இருந்த பிரேமையே அறுத்து ஹார்ட்டெயில் ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. வேறு வழியில்லாமல் இருந்த ஒன்று, அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உடம்புக்கு இந்த அழகியல் புரியாது என்பதுதான் சிக்கல்.

உடம்பு எதற்கு அஞ்சுகிறது

எல்லாக் குலுக்கலும் ஒன்றல்ல. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அசைவில் வினாடிக்கு 4 முதல் 6 தடவை ஆட்டினால் அதிகமாக ஒத்ததிர்கிறது. வயிற்று உறுப்புகள், தோள், முதுகுத்தண்டு எல்லாம் கொடுத்த அசைவைவிடப் பெரிதாக ஆடுவது இந்த எல்லையில்தான். முழு உடல் அதிர்வை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2631 தரமும் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை ஆட்டம்) வரையான செங்குத்து அதிர்வுக்கே மிக அதிக எடை தருகிறது. டிராக்டர், லாரி ஓட்டுநர்களிடம் நீண்டகால அதிர்வும் இடுப்பு வலியும் சேர்ந்தே காணப்படுவது பல ஆய்வுகளில் பதிவான விஷயம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2002இல், எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வின் அளவு 0.5 மீட்டர்/வினாடி² ஆனாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது என்று விதித்தது. விருப்பத்துக்காக வண்டி ஓட்டுகிறவரை எந்தச் சட்டமும் இப்படிக் காப்பதில்லை. அவரே அளந்துகொள்ள வேண்டும்.

இந்த 4-8 ஹெர்ட்ஸ் சாலையில் எங்கிருந்து வருகிறது? கான்கிரீட் ரோட்டை எடுத்துக்கொள்வோம். பலகைகளுக்கு நடுவே உள்ள இணைப்புகள் பெரும்பாலும் 4.5 மீட்டருக்கு ஒன்று. மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு ஏறத்தாழ 5 இணைப்புகளைத் தாண்டுகிறோம். அதாவது சாலையே உடம்பின் பலவீனமான தாளத்தைத் தேடிப் பிடித்துத் தட்டுகிறது. வேகத்தை 50க்குக் குறைத்தால் தட்டு வினாடிக்கு 3 ஆகிவிடும். ரிஜிட் வண்டிக்காரர்கள் சில சாலைகளில் 'இந்த வேகத்தில்தான் வண்டி நன்றாகப் போகிறது' என்று சொல்வதில் பாதி இந்தக் கணக்கு.

இன்ஜின் அதிர்வு வேறு கணக்கு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் அது வினாடிக்கு 50. இந்த வேக அதிர்வு முதுகை உலுக்குவதில்லை; விரலை மரக்கவைக்கிறது, பாதத்தைக் கூசவைக்கிறது. தடித்த கிரிப், ஹேண்டில்பார் முனையில் எடை, இறுக்கிப் பிடிக்காத கை என்று இதற்கான மருந்துகளும் வேறு. இரண்டு நோயையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, கை மரத்ததற்குச் சீட்டை மாற்றுகிறவர்கள் உண்டு.

மெத்தை வேறு, ஸ்பிரிங் வேறு

ரிஜிட் வண்டியில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் சீட்தான். உட்காரும் வலி இரண்டு வகை. ஒன்று அழுத்தம்: இடுப்பெலும்பின் இரண்டு முனைகளுக்குக் கீழே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஒரு மணி நேரத்தில் எரிய ஆரம்பிக்கும். ஜெல் பேட், காற்றடைத்த குஷன், ஆட்டுத்தோல் விரிப்பு எல்லாம் இதற்கு நல்ல மருந்து. எடையைப் பரப்பிவிடும், வியர்வையை வாங்கும். மற்றொன்று அடி: முதுகுத்தண்டில் ஏறும் உலுக்கல். இதற்கு மெத்தை போதாது. இரண்டு அங்குல நுரை, நம் எடையிலேயே பெரும்பகுதி நசுங்கிவிடும். பள்ளம் வரும்போது அதனிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

ஸ்பிரிங் இயலின் ஒரு எளிய உண்மை இங்கே உதவும். நாம் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் எத்தனை தூரம் இறங்குகிறது என்பதை அளந்தாலே, அது எந்தத் தாளத்தில் ஆடும் என்று தெரிந்துவிடும். 1 சென்டிமீட்டர் இறங்கினால் வினாடிக்கு 5 ஆட்டம். 2.5 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 3. 5 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 2.2. ஸ்பிரிங் தன் சொந்தத் தாளத்தைப்போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் வடிகட்டும். தன் தாளத்துக்கு அருகில் வருவதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். கணக்கின் விளைவு கொஞ்சம் விபரீதமானது. 1 சென்டிமீட்டர் மட்டும் இறங்கும் விறைத்த ஸ்பிரிங், உடம்பு அஞ்சும் 5 ஹெர்ட்ஸையே கூட்டித் தருகிறது. பார்க்க ஸ்பிரிங் சீட். உட்கார்ந்தால் ஸ்பிரிங் இல்லாததைவிட மோசம். 5 சென்டிமீட்டர் இறங்கும் ஸ்பிரிங்கோ 3 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையெல்லாம் குறைக்கத் தொடங்கிவிடுகிறது.

இதில் ஓட்டுபவரின் எடையும் கலக்கிறது. 100 கிலோ மனிதருக்கு 5 சென்டிமீட்டர் இறங்கும் ஸ்பிரிங், 60 கிலோ மனிதருக்கு 3 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒருவர் 'பஞ்சு மெத்தை' என்று புகழ்ந்த சீட்டை இன்னொருவர் வாங்கி ஏமாறுவது இதனால்தான். ஸ்பிரிங்கை வண்டிக்கு ஏற்ப வாங்குவதைவிட ஆளுக்கு ஏற்ப வாங்க வேண்டும்.

பழைய கம்பெனிகள் இதை நன்றாக அறிந்திருந்தன. ஹார்லி 1912லேயே சீட்டைத் தாங்கும் தண்டைப் பிரேமின் செங்குத்துக் குழாய்க்குள் ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டது. நீளமான ஸ்பிரிங்கை ஒளித்துவைக்க அது நல்ல இடம். பின்சக்கரத்துக்கு ஷாக் வந்த பிறகும் அந்தத் தண்டு சீட்டை ஹார்லி உடனே கைவிடவில்லை என்பதே அதற்கான நற்சான்று. குறையும் உண்டு. மென்மையான ஸ்பிரிங்குக்கு ஆட்டத்தை அடக்க ஒன்று வேண்டும். இல்லையேல் ஒரு மேட்டுக்கு மூன்று தடவை எகிறும். 5 சென்டிமீட்டர் இறங்கும் சீட், மேலே சொன்ன கான்கிரீட் ரோட்டில் மணிக்கு 36 கிலோமீட்டர் வாக்கில் போகும்போது தானே துள்ளும். மெதுவாகப் போனால் எப்போதும் சுகம் என்பதும் உண்மையில்லை.

எங்கே உட்காருவது, எங்கே மிதிப்பது

கேரியர்காரரின் துயரத்துக்கு வருவோம். பின்சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டி முன் அச்சை மையமாக வைத்துத் தூக்கப்படுகிறது. இரண்டு அச்சுக்கும் நடுவே 150 சென்டிமீட்டர் என்று கொண்டால், முன் அச்சிலிருந்து 100 சென்டிமீட்டர் பின்னால் உட்காருகிறவர், பின்சக்கரம் 6 சென்டிமீட்டர் எழும்பும்போது 4 சென்டிமீட்டர்தான் எழும்புகிறார். பின் அச்சுக்கு நேர் மேலே இருப்பவருக்கு முழு 6. பழைய ரிஜிட் வண்டிகளில் சீட் டேங்குக்கு ஒட்டி, பின் அச்சுக்கு நன்றாக முன்னால் இருப்பது தற்செயல் இல்லை. உருவத்துக்காகச் சீட்டைப் பின்னுக்கு நகர்த்தும் சாப்பர்கள் அந்த லாபத்தை இழக்கின்றன. பின்சீட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு ரிஜிட் வண்டியில் நெடுந்தூரம் போவது, அந்த ஆளின் மீது அன்பில்லை என்று சொல்வதற்கு ஒரு வழி.

அடுத்தது கால். மனிதக் காலைப் போன்ற ஷாக் அப்சார்பரை யாரும் செய்ததில்லை. ஒரு சாண் அசைவு, கூடவே பள்ளத்தை முன்கூட்டியே பார்க்கும் கண். ஆனால் மிதிகட்டை உடம்புக்குக் கீழே இருந்தால்தான் கால் வேலை செய்யும். ஃபுட்போர்டோ நடுவில் வைத்த மிதியோ இருந்தால், பள்ளம் வரும்போது பிருஷ்டத்தைச் சற்றே தூக்கினால் போதும். காலை முன்னால் நீட்டி ஓட்டும் அமைப்பில் எழும்ப முடியாது. கால் அலங்காரமாக நிற்கிறது. மேலுடம்பின் எடை முழுவதும் வால் எலும்பில். கூடவே முதுகு பின்னால் வளைவதால் இடுப்பு வட்டுகளின் மீது அடி கோணலாக விழுகிறது. முதுகு நிமிர்ந்து, இடுப்பிலிருந்து லேசாக முன்சாய்ந்து, முழங்கை மடங்கியிருக்கும் நிலையே நெடுந்தூரத்துக்கு ஏற்றது. குதிரைச் சவாரிக்காரர்கள் எப்போதோ கண்டுகொண்ட நிலை அது.

இடுப்பைச் சுற்றி அகலமான தோல் பெல்ட் கட்டிக்கொள்வது அந்தக் கால வழக்கம். அது அதிர்வைக் குறைப்பதில்லை. வயிறும் இடுப்பும் தளர்ந்து ஆடாமல் பிடித்துக்கொள்வதால் களைப்பு தள்ளிப்போகிறது. சாப்பர்காரர்கள் பின்னால் உயர்ந்த கம்பியில் படுக்கைச் சுருட்டைக் கட்டிப் போவதிலும் ஒரு பயன் உண்டு. ராத்திரி படுக்கை, பகலில் முதுகுக்கு முட்டு.

மிஞ்சியிருப்பது டயர்

பின்பக்கத்தில் தரைக்கும் பிரேமுக்கும் நடுவே இருக்கும் ஒரே மெத்தை டயர். அகலமான, பக்கச்சுவர் உயர்ந்த டயர் கூடுதல் அசைவு தரும். ஹார்லி 1940இல் கொண்டுவந்த 16 அங்குல வளையத்தில் 5 அங்குல டயர், ரிஜிட் காலத்தின் பெரிய சொகுசு. பார்வைக்காக ஒல்லியான பக்கச்சுவர் டயரை மாட்டினால் வண்டியில் மிச்சமிருக்கும் கடைசி ஸ்பிரிங்கையும் கழற்றியதாகிவிடும். காற்றை இரண்டு மூன்று பவுண்டு குறைத்தால் தட்டு மிருதுவாவது உண்மைதான். அதற்கு ஒரு அடிமட்டம் உண்டு. டயர் கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே போனால் டயர் சூடேறும், பள்ளத்தில் ரிம் நெளியும். சுமையேற்றி நெடுஞ்சாலையில் போகும் நாளில் இந்தச் சோதனை வேண்டாம்.

டயரைப் பற்றி யோசிக்கும்போது பிடிமானமும் நினைவுக்கு வர வேண்டும். ஷாக் உள்ள வண்டியில் மேட்டைத் தாண்டியதும் ஸ்பிரிங் சக்கரத்தைத் தரைக்குத் திருப்பி அழுத்துகிறது. ரிஜிட் வண்டியில் முழுப் பின்பாகமும் எகிறி, தன் எடையாலேயே இறங்கி வர வேண்டும். அந்த நொடியில் பின் பிரேக்குக்குத் தரை இல்லை. சொகுசுக்காகக் குறைத்த வேகம் பாதுகாப்புக்கும் சேர்த்தே குறைத்த வேகம்.

வண்டிக்கும் இதே உலுக்கல்தான். நட்டுகள் தளரும், பல்பு அறுந்துபோகும், மட்கார்டு தாங்கிகள் கீறும். காலையில் கிளம்பும் முன் ஸ்பானரோடு ஒரு சுற்று வருவது ரிஜிட் வண்டிக்காரர்களின் பல் துலக்கல். கனமான சாமான்களைப் பின் அச்சுக்கு மேலே கட்டாமல் முன்னுக்குக் கொண்டுவந்தால் சாமானும் பிழைக்கும், பிரேமும் பிழைக்கும்.

போனவர்கள் எப்படிப் போனார்கள்

முடியுமா என்ற கேள்விக்கு வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது. 1903இல் ஜார்ஜ் வைமன், சைக்கிளைவிடச் சற்றே தடித்த, 1.25 குதிரைத்திறன் வண்டியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் போனார். பாதை இல்லாத இடங்களில் ரயில் தண்டவாளத்தின் சிலீப்பர் கட்டைகள் மீதே ஓட்டினார். ரிஜிட் பிரேமில் அது எப்படியிருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சுமார் 6000 கிலோமீட்டருக்கு அவருக்கு 50 நாள் ஆனது, நாளைக்கு 120. 1912-13இல் கார்ல் கிளான்சி, நான்கு சிலிண்டர் ஹென்டர்சனில் உலகைச் சுற்றினார். அவருடைய வழியில் இலங்கையும் இருந்தது. பத்து மாதத்தில் 18,000 மைல் என்றால், கப்பல் நாட்களையும் சேர்த்து நாளைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 1934 டிசம்பரில் லண்டனைவிட்டுக் கிளம்பிய தெரசா வாலக்கும் ஃபுளோரன்ஸ் பிளெங்கிரனும், சைடுகாரும் டிரெய்லரும் பூட்டிய 600 சி.சி. பேந்தரில் சகாராவைக் கடந்து, 1935 ஜூலை இறுதியில் கேப்டவுன் சேர்ந்தார்கள். ஏழரை மாதம்.

இவர்கள் அசாதாரணமான உடல்வாகு உள்ளவர்கள் என்று நினைக்கத் தோன்றும். எண்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: வண்டியில் இல்லாத ஸ்பிரிங்கை அவர்கள் நாட்காட்டியில் வைத்திருந்தார்கள். நல்ல சாலை கிடைத்தால் எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2010இல் அமெரிக்காவில் நடந்த முதல் 'மோட்டார் சைக்கிள் கேனன்பால்' ஓட்டத்தில், 1916க்கு முந்தைய வண்டிகள் கிழக்குக் கரையின் கிட்டி ஹாக்கிலிருந்து மேற்குக் கரையின் சாண்டா மோனிகா வரை 16 நாளில் ஓடின. நாளைக்குச் சுமார் 330 கிலோமீட்டர். இன்றைய நெடுந்தூர ஓட்டிகளின் 'அயர்ன் பட்' சங்கம் கேட்கும் அடிப்படைத் தகுதியோ 24 மணி நேரத்தில் 1000 மைல். அந்த அளவுகோலை ரிஜிட் வண்டிக்குப் பிடித்து, பிறகு சீட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

நடுவழிகள்

உருவத்தையும் உடம்பையும் சமாதானப்படுத்தும் முயற்சிகள் தொடர்ந்து நடந்திருக்கின்றன. டிரையம்ப் 1940களில் பின் ஹப்புக்குள்ளேயே ஸ்பிரிங்கை அடைத்தது. பழைய ரிஜிட் பிரேமிலேயே மாட்டலாம் என்பது வசதி. கிடைத்த அசைவோ சொற்பம், தெரியாமல் பிரித்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து ஆளைக் காயப்படுத்தும். 1984இல் ஹார்லியின் 'சாஃப்ட்டெயில்' ஷாக்கை கியர்பாக்ஸுக்கு அடியில் படுக்கவைத்து ஒளித்தது. டிரையம்பின் பாபர், இந்தியாவில் வந்த ஜாவா பெராக் ஆகியவையும் இதே நோக்கத்தில் ஷாக்கை மறைத்தவைதான். பார்ப்பவருக்கு ஹார்ட்டெயில், ஓட்டுபவருக்கு ஷாக். நம் ஊரில் நிஜ ஹார்ட்டெயில் கட்ட நினைப்பவர், பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் பக்கச்சுவர் உயர்ந்த டயர். அடுத்து, தன் எடைக்கு ஏற்ற, நன்றாக இறங்கும் ஸ்பிரிங் சீட், பின் அச்சுக்கு முடிந்தவரை முன்னால். பிறகு காலுக்குக் கீழே மிதி. ஜெல்லும் ஆட்டுத்தோலும் பெல்ட்டும் இவற்றுக்குப் பிறகு. கடைசியாக, மணிக்கொரு தடவை இறங்கி நடப்பதும், நல்ல சாலையில் 300 கிலோமீட்டரோடு நாளை முடித்துக்கொள்வதும். பெரும்பாலானவர்கள் இந்த வரிசையை ஜெல் பேடிலிருந்து தொடங்குவதால்தான் 'முடியாது', 'பழகிவிடும்' என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு ரிஜிட் வண்டியை நெடுந்தூரத்துக்கு எடுக்கும் முன் பாக்கெட்டில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். உட்காருவதற்கு முன் ஒரு தடவை, உட்கார்ந்த பின் ஒரு தடவை, பிரேமிலிருந்து சீட்டின் உயரத்தை இன்னொருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் என்றால் அந்தச் சீட் போட்டோவுக்கு. ஐந்து என்றால் கிளம்பலாம்.